கையில் இருக்கும் ஏடு

நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் போட்டிகளில் கலந்துகொண்டு பரிசுடன் திரும்பி வருவதைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். பேச்சுப் போட்டி உண்டு; கட்டுரைப் போட்டி உண்டு; செய்யுளை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் போட்டியும் உண்டு. ஆனால், ஒரு சிறுகதையையோ நாவலின் ஒரு பகுதியையோ எடுத்து, அவையோர் முன் வாசித்துக் காட்டுவதற்கென்றே ஒரு போட்டி வைத்தால் எப்படியிருக்கும்? "வாசிப்பதற்குமா போட்டி?" என்று நம்மில் பலர் வியக்கக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இத்தகைய போட்டி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. உரைநடை வாசிப்பு என்பதே அதன் பெயர்.

போட்டி நடக்கும் இடம் பெரும்பாலும் ஒரு சாதாரண வகுப்பறையே. மேடையில்லை, வேடமில்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நடுவர் ஒருவர் அமர்ந்திருப்பார். ஆறேழு மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து வந்து நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் கறுப்பு அட்டையிட்ட சிறு கோப்பு ஒன்று இருக்கும். அதனுள் தாம் வாசிக்கப்போகும் பகுதியைத் தாளில் ஒட்டி வைத்திருப்பர். எடுத்துக்கொண்ட நூலைப் பற்றிச் சில சொற்கள் முன்னுரையாகக் கூறிவிட்டு வாசிக்கத் தொடங்குவர். கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் முன்னுரையையும் சேர்த்துப் பத்து நிமிடமே அளிக்கப்படும். டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளில் அது ஏழு நிமிடம். எல்லோரும் வாசித்து முடித்தபின் நடுவர் முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசை எண் இடுவார். பல சுற்றுகளின் எண்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை பெற்றவரை வென்றவர் என்று அறிவிப்பர்.

இப்போட்டியில் நம் கருத்தை ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. போட்டிக்கு வரும் மாணவர், தாம் வாசிக்கும் பகுதியை மாதக்கணக்கில் பழகியிருப்பார். சொல்லுக்குச் சொல் நெஞ்சில் பதிந்திருக்கும். தாளைப் பார்க்காமலேயே முழுவதையும் சொல்லிவிட அவரால் இயலும். இருந்தும், கையில் ஏடு இருந்தே தீரவேண்டும் என்பது விதி. ஏடின்றி வந்து நின்றால் அது விதிமீறலாகும். மனப்பாடமாகிவிட்ட ஒன்றை ஏன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்? இந்த எளிய வினாவுக்கு விடை தேடிச் சென்றால், ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு நம்முன் விரிகிறது.

நாவன்மைக்கு இலக்கணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில நாட்டில் 'எலக்கியூஷன்' என்னும் நாவன்மைப் பயிற்சி ஓர் இயக்கமாகவே எழுந்தது. அயர்லாந்தில் பிறந்த நடிகரான தாமஸ் ஷெரிடன் 1762-ஆம் ஆண்டு இக்கலையைப் பற்றிய தம் சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டார். நாடகாசிரியர் ரிச்சர்டு ஷெரிடனின் தந்தையாரும் இவரே. கற்றவர்கள்கூட நூலைக் கையிலெடுத்து உரக்க வாசிக்கும்போது உயிரற்ற குரலில் வாசிக்கிறார்கள், உரையாடும்போது தோன்றும் இயல்பான குரல் வாசிக்கும்போது எங்கே மறைந்துவிடுகிறது என்பதே அவருடைய கவலை.

கவலை நியாயமானதுதான். ஆனால், அவருக்குப் பின் வந்தவர்கள் அதற்குக் கண்ட மருந்து நோயினும் கடுமையாயிற்று. ஜான் வாக்கர் 1781-இல் எழுதிய நூலில், குரல் எங்கே உயரவேண்டும், எங்கே தாழவேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் வகுத்தார். கில்பர்ட் ஆஸ்டின் 1806-இல் வெளியிட்ட 'கைரோனோமியா' என்ற நூலில், கையை எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நீட்டவேண்டும் என்பதைக் குறியீடுகளாகவே எழுதிக் காட்டினார். பிலடெல்பியா நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ரஷ், 1827-இல் மனிதக் குரலை உடற்கூறு ஆராய்வதைப் போல ஆராய்ந்து ஒரு பெருநூல் இயற்றினார். வாசிப்பவர் உள்ளத்தில் பொருள் தோன்றியதோ இல்லையோ, கையும் குரலும் விதிப்படி அசைந்தால் போதும் என்னும் நிலை மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

இப்பயிற்சி அமெரிக்காவின் வீடுதோறும் பரவுவதற்குப் பாடநூல்களும் காரணமாயின. வில்லியம் மெக்கஃபியின் வாசகப் புத்தகங்கள் 1836 முதல் வெளிவரத் தொடங்கின. ஏறத்தாழ 12 கோடிப் படிகள் விற்றதாகக் கணக்கிடப்படும் வரிசை அது. அதன் உயர்வகுப்புப் புத்தகங்களில் ஒலிப்பு, அழுத்தம், குரலின் ஏற்றத்தாழ்வு ஆகியவை பற்றிய பாடங்களும் இடம்பெற்றிருந்தன. வாசிப்பு என்றாலே உரக்க வாசிப்பது என்று பொருள்கொண்ட காலம் அது.

ஐம்பது சென்டுப் புத்தகம்

இவ்வரலாற்றை வெறும் குரல் பயிற்சியின் வரலாறாகக் கொண்டுவிடலாகாது. பிறர் எழுதிய சொல்லைத் தன் வாயால் சொல்லிப் பார்ப்பது ஒரு மனிதனின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு ஃபிரெடரிக் டக்ளஸ் சான்றாக நிற்கிறார். அவர் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகள் எழுத்தறிவு பெறுவதை எசமானர்கள் கடுமையாகத் தடுத்த நாட்கள் அவை. பால்டிமோர் நகரில் பன்னிரண்டு வயதையொட்டிய பருவத்தில், தாம் சேர்த்து வைத்த ஐம்பது சென்டைக் கொடுத்து அவர் ஒரு புத்தகம் வாங்கினார். காலெப் பிங்ஹாம் தொகுத்து 1797-இல் வெளிவந்த 'கொலம்பியன் ஆரேட்டர்' என்பது அதன் பெயர். பள்ளி மாணவர்கள் உரக்கச் சொல்லிப் பழகுவதற்கென்று தொகுக்கப்பட்ட சொற்பொழிவுகளும் உரையாடல்களும் அடங்கியது அது.

அதில் ஓர் எசமானனுக்கும் அவனிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்ட அடிமைக்கும் இடையே நிகழும் உரையாடல் ஒன்று இருந்தது. எசமானன் கூறும் ஒவ்வொரு காரணத்துக்கும் அடிமை மறுமொழி கூறுகிறான். இறுதியில் எசமானன் வாதத்தில் தோற்று அவனை விடுவிக்கிறான். டக்ளஸ் அப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். தம் உள்ளத்தில் உருவமின்றிக் கிடந்த எண்ணங்களுக்கு அந்நூல் நாவைக் கொடுத்தது என்ற கருத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றிலே அவரே பதிவு செய்திருக்கிறார். 1838-இல் தப்பி விடுதலை பெற்ற அவர், பின்னர் அந்நாட்டின் தலைசிறந்த சொற்பொழிவாளருள் ஒருவராக விளங்கினார்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் ஹாலி குவின் பிரௌன் என்ற அம்மையார் தோன்றினார். அடிமைத்தளையினின்று விடுபட்ட பெற்றோருக்குப் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் அவர். 1873-இல் வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, நாவன்மை ஆசிரியையாகவும் மேடை வாசிப்பாளராகவும் புகழ் பெற்றார். வாசிப்புக்குரிய பகுதிகளைத் தொகுத்து நூலும் வெளியிட்டார். மேடையேறிப் பேசுவது பெண்ணுக்கு, அதிலும் கறுப்பினப் பெண்ணுக்கு, எளிதாக வாய்க்காத காலத்தில், கையிலிருந்த புத்தகமே அவருக்கு அவையின் வாயிலைத் திறந்துவிட்டது எனலாம்.

இருபெரும் எழுத்தாளர்கள்

உரைநடை வாசிப்பைப் பொதுமக்கள் காசு கொடுத்துக் கேட்கும் கலையாக உயர்த்தியவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1853-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில், ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி சேர்ப்பதற்காகத் தம் 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையை அவர் வாசித்தார். 1858 முதல் அதைத் தொழிலாகவே மேற்கொண்டார். 1867 டிசம்பரில் பாஸ்டன் நகரில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரையில் அமெரிக்காவில் மட்டும் 76 முறை வாசித்தார்.

டிக்கன்ஸ் தம் கதைகளை வாசிப்புக்கென்றே வெட்டிச் சுருக்கினார். அகன்ற ஓரமுள்ள தனிப் படிகளில், எங்கே குரலை மாற்றுவது, எங்கே கையை அசைப்பது என்றெல்லாம் தம் கைப்படக் குறித்து வைத்தார். நூற்றுக்கணக்கான முறை வாசித்ததனால் அவருக்கு அவை மனப்பாடமாகியே இருந்தன. ஆயினும், அவருடைய மேடையில் ஒரு சிறு மேசையும் அதன்மேல் புத்தகமும் எப்போதும் இருந்தன. இன்றைய மாணவர் கையிலுள்ள கறுப்புக் கோப்புக்கு அப்புத்தகத்தை மூத்த உறவு என்று சொல்லத் தோன்றுகிறது.

'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி என்ற பெண் கொலையுண்ணும் பகுதியை 1869 தொடக்கம் முதல் அவர் பொதுமேடையில் வாசிக்கத் தொடங்கினார். கேட்டவர்கள் நடுங்கினர், வாசித்தவரும் நலிந்தார். சாதாரணமாக 72 என்றிருந்த அவருடைய நாடித்துடிப்பு அப்பகுதியை வாசித்தபின் 110-க்கு மேல் ஏறியதை மருத்துவர் கண்டார். உடல்நலம் குன்றிய டிக்கன்ஸ் 1870 மார்ச் 15-இல் லண்டனில் இறுதியாக வாசித்து விடைபெற்றார். அதே ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வாசிப்பு என்பது வாசிப்பவனையும் விலை கேட்கும் என்பதை அவர் வாழ்வு காட்டிற்று.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் இதற்கு மாறான வழியை மேற்கொண்டார். 1884-85-ஆம் ஆண்டுகளில் ஜார்ஜ் கேபிள் என்ற எழுத்தாளருடன் ஊர் ஊராகச் சென்று வாசித்தபோது, புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் அவை மயங்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். எழுத்துக்கென்று அமைந்த நடை பேச்சுக்குப் பொருந்தாது என்று முடிவு செய்து, பகுதிகளை மனத்தில் பதித்துக்கொண்டு புத்தகத்தை ஒதுக்கிவிட்டார். நாள்தோறும் சொல்லச் சொல்ல அவற்றின் சொற்களே மாறிப்போயின. ட்வெயினுக்கு அது தகும். ஏனெனில் மாற்றியவரும் அவரே, எழுதியவரும் அவரே. பிறர் எழுதியதை வாசிப்பவருக்கு அந்த உரிமை உண்டா? இவ்வினா அடுத்த தலைமுறையில் பெரும் விவாதமாக எழுந்தது.

வாசிப்பா, வேடமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது பழைய நாவன்மைப் பயிற்சி நகைப்புக்கு இடமாகியிருந்தது. கண்ணை உருட்டுவதும், மார்பில் கை வைப்பதும், குரலை நடுங்கச் செய்வதும் கலையெனக் கருதப்பட்டன. பாஸ்டனில் ஆசிரியராக விளங்கிய எஸ். எஸ். கரி இதை எதிர்த்தார். 1891-இல் வெளியான தம் நூலிலும் பின்வந்த நூல்களிலும், எண்ணம் முதலில் உள்ளத்தில் தோன்றவேண்டும், குரல் அதைப் பின்தொடரவேண்டும் என்று வற்புறுத்தினார். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். எச். கிளார்க் 1915-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'அச்சிட்ட பக்கத்தின் பொருள் விளக்கம்' என்ற கருத்தைத் தருவது. வாசிப்பவன் பக்கத்துக்குப் பொருள் காண்பவன். பக்கத்தைக் கொண்டு தன்னைக் காட்டிக்கொள்பவன் அல்லன் என்பது இவர்கள் கொள்கை.

1916-இல் இவ்விவாதம் கூர்மையடைந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தின் மாட் மே பாப்காக் என்ற பேராசிரியை, பொருள் விளக்க வாசிப்பும் பாத்திரமாகவே மாறி நடிப்பதும் வெவ்வேறு கலைகள் என்று எழுதினார். வாசிப்பவர் தாமாகவே நின்று, பாத்திரத்தைக் கேட்போர் மனக்கண்ணில் தோன்றச் செய்யவேண்டும். பாத்திரத்தின் உடலுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பது அவர் வாதம். ரோலோ டால்காட் என்ற மற்றொரு பேராசிரியர், பாத்திரமாக மாறுவதற்கும் உரிய இடம் உண்டு என்று மறுமொழி கூறினார். அன்று தொடங்கிய விவாதம் இன்றளவும் ஓயவில்லை. கையிலுள்ள ஏடோ பாப்காக் அம்மையாரின் கட்சிக்கே சான்று கூறுகிறது.

போட்டியின் வளர்ச்சி

கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டிகள் அமெரிக்காவில் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தன. 1874-இல் இல்லினாய் மாநிலத்துக் கேல்ஸ்பர்க் நகரில் பல மாநிலக் கல்லூரி மாணவர்கள் கூடிச் சொற்போட்டி நடத்தினர். அது தாமே எழுதிய உரையைத் தாமே பேசும் போட்டியாகும். 1910-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிகளுக்கான கழகம் ஒன்று தோன்றியது. அதில் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே இடமிருந்தது. ஆகவே 1920-இல் கறுப்பின மாணவர்களின் பள்ளிகளுக்காகப் பிரெய்ரி வியூ கல்லூரியை நடுவிடமாகக் கொண்டு தனிக் கழகம் எழுந்தது. 1967 தொடங்கி 1970-க்குள் இரண்டும் ஒன்றாயின. ஒரே மாநிலத்துப் பிள்ளைகள் ஒரே மேடையில் நின்று வாசிப்பதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

1925-இல் விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரியைச் சேர்ந்த புரூனோ ஜேக்கப், பள்ளி மாணவர்களுக்கெனத் தேசியச் சொற்கலைக் கழகத்தை நிறுவினார். அதன் முதல் தேசியப் போட்டி 1931-இல் அதே ரிப்பனில் நடைபெற்றது. 2014-இல் அது தேசியப் பேச்சு மற்றும் விவாத சங்கம் என்று பெயர் மாற்றம் பெற்றது. கல்லூரிகளுக்காக அமெரிக்கச் சொற்கலைச் சங்கம் நடத்தும் தனிநபர் தேசியப் போட்டி 1978-இல் தொடங்கிற்று.

இப்போட்டிகளில் இரண்டு வகை உண்டு என்பதை நேயர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். ஒன்று, ஏடின்றி மனப்பாடமாக நடித்துக் காட்டும் நாடகப் பாங்கு. மற்றொன்று, ஏட்டைக் கையில் ஏந்தி நிற்கும் வாசிப்பு. முதல்வகையின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் உலகப் புகழ் பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே, டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் பள்ளி மாணவியாக இருந்தபோது இவ்வகைப் போட்டிகளில் வென்றவர். மார்கரெட் வாக்கர் 1966-இல் வெளியிட்ட 'ஜூபிலி' நாவலின் பகுதி அவர் நடித்துக் காட்டியவற்றுள் ஒன்று. அடிமையாக வாழ்ந்த தம் பாட்டியின் தாயாருடைய வாழ்வைத் தழுவி வாக்கர் எழுதிய நாவல் அது.

வாசிப்புப் போட்டியின் விதிகளோ ஆசிரியரின் பக்கம் நின்று காவல் செய்கின்றன. வாசிக்கும் பகுதி அச்சில் வெளிவந்ததே என்பதற்குச் சான்று காட்டவேண்டும் என்கிறது டெக்சாஸ் கழகம். நேரத்துக்கேற்ப வெட்டிச் சுருக்கலாம். ஆனால், வெட்டிய இரு பகுதிகளை இணைப்பதற்கன்றி வேறு சொற்களைச் சேர்த்தலாகாது என்பது தேசிய சங்கத்தின் நெறி. சேர்த்த சொல்லை ஏட்டிலேயே மையால் குறித்துக் காட்டவும் வேண்டும்.

பரிசும் பழியும்

இத்தனை காவல் இருந்தும் குறையில்லாமல் இல்லை. ஓர் அறையில் ஆறு பேர் வாசிக்க, நடுவரின் நினைவில் தாம் மட்டும் நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு மாணவரும் விரும்புவது இயல்பு. எளிதில் நினைவில் நிற்பது எது? கண்ணீர், கொலை, கொடுநோய், குழந்தையின் மரணம். ஆகவே பத்து நிமிடத்துக்குள் ஓர் உயிரேனும் பிரிந்தாகவேண்டும் என்பதுபோல நூல்களைத் தேடும் வழக்கம் வளர்ந்துவிட்டது. நாவலாசிரியர் நானூறு பக்கத்தில் மெல்ல மெல்லக் கட்டியெழுப்பிய துயரத்தைப் பத்து நிமிடத்தில் அலறலாக மாற்றிவிடுவதும் நிகழ்கிறது. ஏட்டின் பக்கத்தைப் புரட்டுவதே காட்சி மாற்றத்துக்கான அபிநயமாகிவிட்டது. ஆஸ்டின் நூலிலிருந்த கைக்குறியீடுகள் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டனவோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இன்னொரு வினாவும் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. ஒரு மக்களின் துயரத்தை அத்துயரம் அறியாத மற்றொருவர் வாசித்துப் பதக்கம் பெறலாமா? கூடாது என்போர் கூற்றில் உண்மையுண்டு. பிறர் புண் நமக்கு அணியாகிவிடக் கூடாது. வாசிக்கலாம் என்போர் கூற்றிலும் உண்மையுண்டு. அவரவர் கதையை அவரவரே வாசிக்கவேண்டும் என்றால், பிறர் வாழ்வை அறியும் வாயிலே அடைபட்டுப்போகும். டக்ளஸ் வாங்கிய புத்தகத்தில் அடிமையின் வாயில் வைக்கப்பட்ட சொற்களும் அடிமை ஒருவர் எழுதியவை அல்ல. எனினும் அவை அவருக்கு விடுதலையின் மொழியைக் கற்றுக் கொடுத்தன.

நம் நோக்கில், இவ்விரு கூற்றுக்கும் நடுவே நிற்பது அந்தக் கறுப்புக் கோப்புதான். ஏட்டை ஏந்தி நிற்பவர், "இச்சொற்கள் என்னுடையவை அல்ல, இத்துயரத்தைப் பட்டவன் நானல்லன், எழுதியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமிருந்து பெற்று உங்களிடம் சேர்க்கிறேன்" என்று வாய் திறவாமலே சொல்கிறார். அமானிதம் என்று நாம் வழங்கும் சொல் இதற்கு எத்துணைப் பொருத்தமாக அமைகிறது! அமானிதப் பொருளைக் காப்பவர் அதை மறைப்பதில்லை, மாற்றுவதில்லை, தம்முடையது என்று உரிமை கொண்டாடுவதும் இல்லை. மனப்பாடமாகிவிட்ட சொல்லுக்கும் உடையவர் வேறொருவரே. அதை நினைவூட்டத்தான் ஏடு கையில் இருக்கிறது.

இப்போட்டிகளை நம் ஊர்களில் அப்படியே நடத்தவேண்டும் என்று நாம் கூறவரவில்லை. ஆனால், பிள்ளைகளை மேடைக்கு ஆயத்தம் செய்யும் பெற்றோரும் ஆசிரியரும் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. பிறர் எழுதிக் கொடுத்த உரையைத் தன் உரைபோல் ஒப்புவிக்கப் பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். எழுதியவர் யார் என்று பிள்ளையும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதற்கு மாறாக, மாலைப் பொழுதில் நல்லதொரு நூலைக் கையில் கொடுத்து, ஆசிரியர் பெயரைச் சொல்லச் செய்து, இரண்டு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லலாம். வீட்டிலுள்ள மூத்தோர் அமர்ந்து கேட்கலாம். வாசித்து முடித்ததும் "நன்றாக வாசித்தாய்" என்பதோடு நின்றுவிடாமல், "எழுதியவர் என்ன சொல்கிறார்?" என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிள்ளை தயங்காமல் விடை கூறுமானால், வரிசை எண் இடுவதற்கு நடுவர் எவரும் வேண்டியதில்லை.